கண்ணும் உறக்கமும்

"வயதாகிவிட்டால் தூக்கம் வராது" என்பது நம் வீடுகளில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. தாத்தா நடுநிசியில் எழுந்து கூடத்தில் உலாவினால், மற்றவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறார்கள். மறுநாள் பகலில் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தால், அதற்காகக் கண்டிக்கவும் செய்கிறார்கள். குற்றம் முதுமையுடையது மட்டுந்தானா, கண்ணுக்கும் அதில் பங்கு உண்டா என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே.

கண் பார்ப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று; அதற்கு மற்றோர் உத்தியோகமும் உண்டு. மூளையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு நரம்புத் திரள் கடிகாரம் போல் அமர்ந்து நமது உறக்கத்தையும் விழிப்பையும் நடத்தி வருகிறது. அந்தக் கடிகாரத்தைத் தினந்தோறும் சரிப்படுத்துவது சூரிய வெளிச்சம். அவ்வெளிச்சத்தின் செய்தி உள்ளே செல்லும் வாசல் கண்தான். 1998-ம் வருஷத்தில் இக்னேஷியோ பிராவென்ஸியோ என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் சகாக்களும் தவளையின் தோலில் மெலனாப்ஸின் என்ற பொருளைக் கண்டார்கள். மனித விழித்திரையிலும் அது உண்டென்பது 2000-ல் வெளியாயிற்று. அதை உடைய நரம்பணுக்கள் தாமே ஒளியை உணர்ந்து மூளைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. நீல ஒளியே அவற்றை அதிகமாகத் தூண்டுகிறது.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது, கண்மணியும் சுருங்குகிறது. கண்புரை முற்றினாலோ, நீல ஒளி பெரிதும் தடைப்பட்டுவிடுகிறது. க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இன்னும் பொல்லாதது. அது செய்தி அனுப்பும் நரம்பணுக்களையே அழிக்கக்கூடியது. ஆகவே, வெளியே பட்டப்பகலாயிருந்தாலும் மூளைக் கடிகாரத்துக்கு அது அந்திப் பொழுதாகவே தோன்றலாம்.

முதியோரின் தூக்கமின்மை எல்லாம் கண்ணால் வருவதென்று நாம் சொல்ல வரவில்லை. மூட்டு வலி, மூச்சுத் திணறல், மனக்கவலை இவையும் உறக்கத்தைக் கெடுப்பவையே. ஆயினும், காரணம் அறியாமல் தூக்க மாத்திரையை நாடுவது அபாயம். மங்கிய பார்வையும் மாத்திரையின் மயக்கமும் சேர்ந்தால், இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு வேறென்ன வேண்டும்?

கண்புரையை ரண சிகிச்சையால் அகற்றிவிடலாம். அதன் பிறகு பார்வையுடன் உறக்கமும் சீரடைந்ததாகப் பல ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. 1819-ல் ஏற்பட்ட எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியும், 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ள நாட்டில், புரையோடு ஒருவர் காலம் தள்ள வேண்டிய அவசியமில்லை. காலை வேளையில் முதியோரைச் சற்று நேரம் திண்ணை வெளிச்சத்தில் உட்கார வைப்பதும், இரவில் விளக்கைத் தணிப்பதும் செலவில்லாத உபாயங்கள்.

க்ளாக்கோமாவில் போன பார்வையோ மீண்டு வராது. பெரும்பாலும் அது வலியின்றி வருவதால், நோயாளி முறையிடுவதுமில்லை. ஆதலால், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்கச் செய்வது வீட்டாரின் கடமை. பெரியவர்கள் தாமாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.