பிள்ளை ஏன் வளரவில்லை?

நல்லூரில் லைன் வீடுகளுக்கு நடுவே மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்கா ஒருவர் மகனை இடுப்பில் தூக்கி வந்தார். "ஏழு வயசாகுதுங்க தம்பி. நாலு வயசுப் புள்ளையாட்டவே இருக்குது. நாலெட்டு நடந்தா மூச்சு வாங்குது. இருதயத்துல ஓட்டைங்கறாங்க. பள்ளிக்கூடத்துல மந்தம்னு கடைசியில உக்கார வெச்சிருக்காங்க."

அவன் மந்தமில்லை தோழர்களே. இருதயக் குறையுள்ள பிள்ளைக்குத் தின்ற சோற்றின் சத்தெல்லாம் மூச்சு விடவும் ரத்தம் ஓடவுமே செலவாகிப் போகிறது; வளர மிச்சமில்லை. தீராத இளைப்பும் ரத்தசோகையும் திரும்பத் திரும்ப வரும் பேதியும்கூட வளர்ச்சியைத் தின்பவைதான். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகள் வேறு; எந்தச் சாதி வீட்டிலும் வரலாம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தருகிறார்கள், எந்தப் பிள்ளையைப் 'பைத்தியம்' என்று மூலையில் விடுகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது.

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் நூற்றுக்கு 43 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் அல்லாதவர்களில் அது 31. இதைத் தலையெழுத்து என்பது பார்ப்பனியம்.

2013 முதல் அரசின் சிறார் நலத்திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளியில் ஒருமுறை பரிசோதனை. அறுவை சிகிச்சையும் இலவசம். "அப்புறம் ஏங்க்கா கூட்டிட்டுப் போகலை?" என்றேன். "கோயமுத்தூருக்கு அலையோணும். ஒன்றரை ஷிப்ட்டு போனாத்தான் வாடகை குடுக்க முடியுது. லீவு போட்டா ஆரு கூலி குடுப்பா?"

யார் கொடுப்பார்? இ.எஸ்.ஐ.யில் பிள்ளைக்கு மருந்து உண்டு. பிள்ளைக்காக அம்மா இழந்த கூலிக்கு ஈடு கிடையாது.

அண்ணல் அம்பேத்கர் ஐந்து குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். ராஜரத்னா இறந்தது 1926இல். அந்தத் துயரம் நம் வீடுகளை இன்னும் விடவில்லை. கொலையும் தீவைப்பும் நடந்தால் தெருவில் இறங்குகிறோம். நோயுற்ற பிள்ளையை மட்டும் அந்தந்த வீட்டுத் துக்கமாக விட்டுவிட்டோம். நானும்தான்.

இனி ஒவ்வொரு கிளையும் தன் தெருப் பிள்ளைகளின் உயரம், எடையை அளந்து எழுதி வைக்கட்டும். பரிசோதனைக் குழு வந்ததா என்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கேட்கட்டும். பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் நாளுக்குத் தாய்க்குக் கூலி கேட்போம். அந்தப் பையனோடு அடுத்த வாரம் கோவைக்கு நான் போகிறேன். கூட வர மாணவத் தோழர்கள் யார் தயார்?