நிம்ஃப் ஃப்ளை: பெயரைக் கேட்காதீங்க, கல்லைப் புரட்டுங்க

குல்லு மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு ட்ரவுட் தூண்டில் பற்றி எப்போது எழுதினாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "சார், எந்த நிம்ஃப் வாங்கலாம்? பேரை மட்டும் சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறேன்." கல்லைப் புரட்டிப் பார்க்காதவருக்குப் பெயர் சொல்வதாக இல்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கிடைக்கும் பூச்சிகள். இறக்கை முளைக்கும் முன், ஆற்றுக் கற்களில் ஒட்டி வாழும் பருவத்துக்குப் பெயர் நிம்ஃப். தூண்டில் முள்ளில் இறகு, முயல் ரோமம், செம்புக் கம்பி எல்லாம் சுற்றி அதைப் போலவே செய்தால் நிம்ஃப் ஃப்ளை. அவ்வளவுதான் சங்கதி.

இனி சண்டைக்கு வருவோம்.

பெட்டிக் கட்சி என்று ஒன்று இருக்கிறது. இவர்கள் பெட்டியைத் திறந்தால் நூறு ஃப்ளை, நூறு இங்கிலீஷ் பெயர். கேட்டால், "ப்ரவுன் ட்ரவுட் இங்கிலீஷ் மீன் சார், அதுக்கு இங்கிலீஷ் ஃப்ளைதான் எடுபடும்" என்பார்கள்.

மீன் அங்கிருந்து வந்தது உண்மைதான். 1900-ல் முட்டையாகக் காஷ்மீருக்கு வந்தது. 1909-ல் குல்லுவில் அதிகாரியாக இருந்த ஹவெல் இந்தப் பக்கம் கொண்டுவந்தார். ஆனால் அது தின்னும் பூச்சி கப்பலில் வரவில்லையே! நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மீன் இமயமலைப் பூச்சியைத் தின்று வளர்கிறது. மீன்தான் வெளியூர், சாப்பாடு உள்ளூர். (ராஜ்மா சாவல் தின்று காலம் தள்ளும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது.)

பெட்டிக் கட்சி கும்பிடும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த ஃபிராங்க் சாயர் வில்ட்ஷயரில் ஏவான் ஆற்றைக் காவல் காத்தவர். அதில் இரண்டே பொருள்தான்: ஃபெசன்ட் வால் இறகு, செம்புக் கம்பி. கால்கூட வைக்கவில்லை. நீந்தும் நிம்ஃப் காலை உடம்போடு ஒட்டிக்கொள்வதை அவர் ஆற்றில் பார்த்திருந்தார். கம்பி வைத்தது சீக்கிரம் மூழ்கட்டும் என்பதற்காக. அந்த மனுஷன் ஆற்றைப் பார்த்தார், நம்மாட்கள் கேட்டலாக்கைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வரிசை இதுதான்: எடை, அளவு, வடிவம், கடைசியில் நிறம்.

எடை ஏன் முதலில்? தீர்த்தன் போன்ற ஆறு சரிவில் பாய்கிறது. பாறைக்குப் பின்னால் கிடைக்கும் சின்னக் குழியில் உங்கள் ஃப்ளைக்கு ஓரிரு விநாடிதான் அவகாசம். அதற்குள் அடிக்குப் போகாவிட்டால் எந்தப் பெயர் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. பித்தளையின் அடர்த்தி சுமார் 8.5, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. ஒரே அளவு மணிதான், ஆனால் டங்ஸ்டன் பித்தளையைப் போல இரண்டு மடங்கு கனம். ஒரே எடையில் மூன்று ரகம் வாங்குவதைவிட ஒரே ரகத்தை மூன்று எடையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

மற்றதைக் கல் சொல்லும். முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டியிருந்து, பெரும்பாலும் மூன்று வாலோடு இருந்தால் மேஃப்ளை. இரண்டு வால், தடித்த உடம்பு, ஊர்ந்து போகிறதா? ஸ்டோன்ஃப்ளை. மணலை ஒட்டிச் சின்னக் கூடு கட்டி உள்ளே ஒளிந்திருந்தால் காடிஸ். எது அதிகம், எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கல்லை இருந்தபடியே திரும்ப வையுங்கள். பேங்கில் இதற்குப் பெயர் கேஒய்சி :-)

"அந்தப் பளபளா ஃப்ளைல எனக்கு மீன் மாட்டிச்சே?" என்று ஒருவர் வருவார். மாட்டும் சார். வேகத் தண்ணீரில் மீனுக்கு லேபிள் படிக்க நேரமில்லை. அது என் கட்சிக்குத்தான் சாட்சி. அக்டோபரில் தண்ணீர் தெளிந்து மெதுவாகும்போது மீன் உற்றுப் பார்க்கும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் சின்னதாக, ஒல்லியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். பெயருக்கு அங்கேயும் வேலை இல்லை.

இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாலை போட வெட்டிய மண்ணை ஆற்றோரம் கொட்டினால் அது கற்களின் இடுக்கில் போய் அடைகிறது. நிம்ஃபின் வீடே அந்த இடுக்குதான். குளிர்ந்த, சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் கேட்கும் ஸ்டோன்ஃப்ளை முதலில் காணாமல் போகும். மேலே பார்த்தால் ஆறு அழகாகத்தான் ஓடும். கல்லைப் புரட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிக் கட்சிக்காரரோ மீன் கடிக்கவில்லை, ஃப்ளை சரியில்லை என்று அடுத்த பார்சலுக்கு ஆர்டர் போடுவார். ஆறு செத்துக்கொண்டிருப்பதை முதலில் கண்டு மீன்வளத் துறையிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்களே நாம்தான். நாமும் குனியாவிட்டால் வேறு யார் குனிவது?

சரி, கல்லைப் புரட்டிவிட்டு வந்தவர்களுக்கு என் கணக்கு. ஒல்லிக்கு ஃபெசன்ட் டெயில் 14, 16. தடிமனுக்கு ஹேர்ஸ் இயர் 12, 14. ஸ்டோன்ஃப்ளைக்குக் கருப்பில் ஒன்று 8, 10. ஒவ்வொன்றும் டங்ஸ்டன் மணியோடு ஒன்று, மணி இல்லாமல் ஒன்று. மூன்று வடிவம், இரண்டு அளவு, இரண்டு எடை. ஆக மொத்தம் பன்னிரண்டு. கல்லில் வேறு கண்டால் மாற்றிக்கொள்ளுங்கள். மீதி எண்பத்தெட்டை அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

டிஸ்கி 1: லைசென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம்.

டிஸ்கி 2: ஃப்ளை வியாபாரிகள் யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். இந்த மலைப்பாதையில் ஏறாது.