பி.காம். படிக்க ஏசி வகுப்பறை எதுக்குங்க?

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு சி.ஏ. ஆகணும்னு ஆசை. அவங்க அம்மா நகையை அடகு வெச்சு ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.காம். சேர்த்துட்டாங்க. கேட்டா, "ஏசி கிளாஸ், வாசலுக்கே பஸ் வருதுப்பா" என்கிறாங்க. வயிறு எரியுது!

மக்களே, கணக்குதானே படிக்கிறோம், கொஞ்சம் கணக்குப் போடுங்க. தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால் பாடத்திட்டம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் போகலாம். அது ஏசி ரூமில் எடுத்த 55-ஆ, மின்விசிறிக்குக் கீழே எடுத்த 55-ஆ என்று யாரும் கேட்பதில்லை.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களை வெச்சே ஓட்டுறாங்களே என்பீர்கள். உண்மைதான். அதுக்கு அரசாங்கத்தோடதான் சண்டை போடணும். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றக் கூடாது.

பணம் கட்டும் முன் ரெண்டே கேள்வி கேளுங்க. இந்த சீட் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா? பஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மூணு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? மிச்சமாகும் பணத்தை சி.ஏ. கோச்சிங்குக்கு வைங்க. ஆசை அதுதானே?