சிநேக ஆட்டங்களின் தர்மம்

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள லா கொருன்யா நகரத்தில், தன் உடைமையை ஈந்து ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி அமைய வழிசெய்த தெரேசா ஹெரேரா என்னும் பதினெட்டாம் நூற்றாண்டு மாதரசியின் பெயரால், தர்ம காரியங்களுக்குப் பொருள் திரட்டும் நோக்கத்தோடு 1946ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் கோப்பை ஏற்படுத்தப்பட்டது. ஐரோப்பியக் கழகங்கள் தமக்குள் ஆடும் சிநேக ஆட்டங்களின் சரித்திரத்தில் நான் பெரிதும் மதிப்பது இந்த ஆரம்பத்தையே.

சிநேக ஆட்டம் பயனற்ற கேளிக்கை என்று எண்ணுவோர் 1954 டிசம்பர் 13ஆம் தேதி இரவை நினைவுகூர வேண்டும். புஷ்காஷ் முதலிய ஹங்கேரிய வீரர்கள் நிறைந்த ஹான்வெட் கழகம், இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் மின்விளக்குகளின் ஒளியில் முதற்பாதியிலேயே இரண்டு கோல்கள் முன்னேறியிருக்க, உள்ளூர்க் கழகமான உல்வ்ஸின் நிர்வாகி ஸ்டான் கல்லிஸ் முன்யோசனையோடு நீர்பாய்ச்சிச் சேறாக்கி வைத்திருந்த மைதானத்தில், உல்வ்ஸ் கழகத்தார் பிற்பாதியில் மூன்று கோல்கள் போட்டு வென்றார்கள். உலகிலேயே சிறந்த கழகம் இதுவே என்று ஆங்கிலப் பத்திரிகை முழங்கியதைப் பொறாத பிரெஞ்சுப் பத்திரிகாசிரியர் கேப்ரியல் அனோ, அவர்கள் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் சென்று வென்று காட்டட்டும் என்று வாதாடியதன் பலனாகவே, மறு வருஷம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி பிறந்தது.

பின்னர் வியாபார ஸ்தாபனங்கள் வந்தன. அவற்றின் பணமே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1970இல் இங்கிலாந்தில் வாட்னி என்னும் மதுபானக் கம்பெனி ஆதரித்த போட்டியில், ஹல் நகரத்து அரையிறுதி ஆட்டத்திலேதான் அந்நாட்டுக் கழகங்களின் ஆட்டமொன்று முதன்முதலாகப் பெனால்டி உதைகளால் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் 2009இல் ஆடி மோட்டார் கம்பெனி தன் நூற்றாண்டு விழாவுக்கென மியூனிக்கில் ஒரு கோப்பையையே நிறுவியதும், 2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிட்டும் அமெரிக்காவின் மிச்சிகனில் 1,09,318 பேர் முன்னிலையில் மோதியதும், ஆட்டத்தின் இடத்தையும் காலத்தையும் நோக்கத்தையும் சந்தையே நிர்ணயிக்கும் நிலைமை வந்துவிட்டதைக் காட்டுகின்றன. நெடிய பருவத்துக்கு முன் இளைப்பாற வேண்டிய வீரர்களைக் கடல் கடந்து இழுத்துச் செல்வதும், தலைமுறை தலைமுறையாகக் கழகத்தைத் தாங்கிய உள்ளூர் ரசிகர்களுக்கு அதில் இடமில்லாதிருப்பதும் நியாயமல்ல.

விளம்பரதாரர் பெயர் கோப்பையில் இருக்கட்டும். ஆயினும் வசூலில் ஒரு பங்கை ஆட்டம் நடக்கும் ஊரின் ஆஸ்பத்திரிக்கோ அநாதைக் குழந்தைகளுக்கோ அளிப்பதென்று பெருங்கழகங்கள் யாவும் தாமாகவே விதி செய்துகொள்ள வேண்டும்.