அசதி வேறு, சோம்பல் வேறு!



"டிரஸர் ஐயா, தொண்ணூத்தி நாலு கிலோவுக்கு இறங்கிட்டேன். உடம்பு லேசாத்தான் இருக்கு. ஆனா கையைத் தூக்க முடியலே" என்று என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சகோதரி அழுதார். முன்பு 118 கிலோ இருந்தவர். சர்க்கரை வியாதியும் முட்டி வலியும் சேர்ந்து வாட்டியதால், பெரிய ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். நாலு மாதம் ஆகிவிட்டது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. பெரட்டுக்கு நிற்கும்போதே தலை சுற்றுகிறதாம்.

அதைவிட அவரை அதிகம் வருத்தியது ஊர் வாய். "ஆபரேஷன் பண்ணிட்டு மகாராணி ஆயிட்டா" என்று லயத்தில் பேச்சு. "குண்டா இருந்தப்பக்கூட நல்லா வேலை செஞ்சியே, இப்ப என்ன?" என்று வீட்டில் கேள்வி. வேலைக் காட்டிலோ, "சோம்பேறி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. தோழர்களே, இவ்வளவு குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு வெயிலில் குனிந்து நிமிர்ந்து பழம் பொறுக்கியவரையா சோம்பேறி என்பது?

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்குப்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் எடை அதிகம் உள்ளவர்கள். தோட்டத்து மக்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே இந்த ஆபரேஷன் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். நாளை உங்கள் வீட்டிலும் ஒருவருக்குத் தேவைப்படலாம்.

பெரும்பாலும் செய்யப்படுவது இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழம் போன்ற குழாயாக்கிவிடுகிறார்கள். மற்றதில் சிறு பை போல ஆக்கி, குடலின் முன்பகுதியைத் தாண்டிப் பின்பகுதியோடு இணைக்கிறார்கள். எதுவானாலும் சாப்பாடு சில கரண்டிதான் இறங்கும். முதல் சில வாரம் உடம்பு தன் சேமிப்பைக் கரைத்துத்தான் ஓடுகிறது. அப்போது அசதி வருவது இயற்கை. மெல்ல மெல்ல நடை பழகி, தூங்கி எழுந்து, இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குத் தெம்பு திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால்? அல்லது திரும்பிய தெம்பு மறுபடி குறைந்தால்? அதற்குக் காரணம் இருக்கிறது, தேட வேண்டும்.

முதல் காரணம் தண்ணீர். சிறிய பையில் ஒரே மடக்காகக் குடிக்க முடியாது. வெயிலில் வேலை செய்கிறவருக்கு வேர்வையாகவும் போகிறது. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள்.

இரண்டாவது புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தின்று காலந்தள்ளினால் உடம்பு தசையைத் தின்னும். மீன், முட்டை, கோழி, தெம்பே, பருப்பு இவைதான் முதலில் வாய்க்குள் போக வேண்டும். சோறு பிறகு. டின் பால் ஊற்றிய இனிப்புத் தண்ணி குடித்தால் சிலருக்கு நெஞ்சு படபடத்து, வேர்த்து, மயக்கம் வரும்.

மூன்றாவது இரும்புச் சத்து. ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பையில் அமிலம் குறைந்துவிடுவதால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இழப்பும் சேர்கிறது. நான் சொன்ன சகோதரி, மலச்சிக்கல் வருகிறதென்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிறுத்துவதற்கு முன் என்னிடம் வந்திருந்தால் வேறு மாத்திரைக்கு வழி செய்திருப்பேன். மாத்திரையைத் தேத்தண்ணி, கோப்பியோடு விழுங்காதீர்கள், ஏறாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு துண்டு கொய்யாப் பழம் கூடச் சாப்பிட்டால் நல்லது.

பி12 சத்து குறைந்தாலும் அசதி வரும், கை கால் மரத்துப் போகும். அதற்கு ஊசி உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பழைய அளவிலேயே மருந்து சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். எடை குறைந்த பிறகு அதே மருந்து அதிகமாகி மயக்கம் தரும். நீங்களே நிறுத்த வேண்டாம், உடனே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் பாட்டன் காலத்துக் கதையோடு சேர்ந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு மலாயாவில் பெரி பெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி தின்றவர்களுக்கு வந்தது, புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு மிக அரிதாகவே வந்தது. 1905-06இல் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்து இதை உறுதி செய்தார். பி1 சத்து இல்லாததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே குறை இன்று இந்த ஆபரேஷன் செய்து, வாந்தி நிற்காமல் தவிக்கிறவர்களுக்குச் சில வாரத்திலேயே வரலாம். தொடர்ந்து வாந்தி, தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, மனக் குழப்பம் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "இரைப்பை ஆபரேஷன் செய்தவர்" என்று சொல்லுங்கள். தாமதித்தால் நரம்பும் மூளையும் கெட்டுவிடும். கறுப்பு மலம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலிக்கும் அப்படியே.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் மேஜையில் நடப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டிலும் காட்டிலும் நடக்கிறது. 3, 6, 12 மாதங்களில் ரத்தம் சோதிக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம். அந்த நாளில் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று போகாமல் இருக்கிறவர்களை நான் பார்க்கிறேன். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அசதி என்பது வயிற்றில் அடி. அதனால்தான் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், ஒரு நாள் காட்டிலேயே விழுகிறார்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. டாக்டரின் எம்.சி.யைப் பத்திரமாக வைத்திருங்கள். முதல் சில மாதம் லேசான வேலை தேவை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, தோட்டக் கமிட்டித் தலைவரையும் கூட்டிக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள். தனியாகப் போனால் கெஞ்சுவதாகிவிடும், சங்கத்தோடு போனால் பேச்சுவார்த்தை. கமிட்டித் தோழர்களே, கூலி உயர்வு கேட்கிற அதே குரலில் இதையும் கேளுங்கள்.

கணவன்மாரே, அம்மாக்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெரட்டுக்குப் போகுமுன் ஒரு முட்டை அவித்துக் கையில் கொடுங்கள். மாத்திரை போட்டாயா என்று கேளுங்கள். "சோம்பேறி" என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து கிளினிக் வழியாகப் போனவர் நின்று, "ஐயா, இப்ப ரெண்டு நிரை முடிச்சிட்டுத்தான் உட்காருறேன்" என்றார். அவரைச் சோம்பேறி என்றவர்கள் இன்னும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.