தஞ்சை அரண்மனையைப் பூட்டிய கம்பெனி. கோர்ட்டுக்குப் போன ராணி

தஞ்சாவூர்னு சொன்னாலே பெரிய கோவில், ராஜராஜன். மராத்தியர் அங்கே சுமார் 180 வருஷம் ஆண்டது, சரபோஜி, சரஸ்வதி மகால் என்ற இரண்டு பெயர்களோடு பேச்சில் முடிந்துபோகிறது. ஆனால் அந்த ஆட்சி முடிந்த விதம்தான் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் சகோதரர் வெங்கோஜி 1676 வாக்கில் தஞ்சையைப் பிடித்தார். 1799 ஒப்பந்தத்தில் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்திய கம்பெனியிடம் விட்டார். கையில் மிஞ்சியது கோட்டை. அவர் மகன் சிவாஜி 1855-ல் இறந்தபோது, 'ஆண் வாரிசு இல்லை' என்று கம்பெனி அதையும் எடுத்துக்கொண்டது. மகள்கள் இருந்தாங்க. அது கணக்கிலேயே வரலை.

நாடு போனது ஒருபுறம். அரண்மனையில் இருந்த தனிச்சொத்தையும் சேர்த்து முத்திரை வைத்தார்கள். இதைத்தான் மூத்த ராணி காமாட்சி பாய் ஏற்கவில்லை. 'அரசு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம், கணவரின் சொந்தச் சொத்து எப்படி உங்களுடையதாகும்?' என்பதுதான் அவர் வழக்கின் சாரம். சென்னையில் இருந்த அன்றைய சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனியின் சொந்த ஊரிலேயே கம்பெனிக்குத் தோல்வி!

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அதற்குள் 1858-ல் கம்பெனி ஆட்சியே முடிந்துவிட்டது. வழக்கு மட்டும் முடியவில்லை. 1859-ல் வந்த தீர்ப்பு ராணிக்கு எதிரானது. பறித்தது நியாயமா, அநியாயமா என்று நீதிபதிகள் முடிவு சொல்லவில்லை. இது 'அரசின் செயல்', அதாவது ஓர் அரசு இன்னொரு அரசின்மேல் எடுத்த நடவடிக்கை. எந்த உள்நாட்டு நீதிமன்றமும் இதை விசாரிக்க முடியாது என்றார்கள். பறித்தவரே 'நான் அரசாகப் பறித்தேன்' என்று சொன்னால் போதும், கோர்ட் கதவு மூடிக்கொள்ளும். சட்டம் என்ற பெயரில் இதைவிட வசதியான பூட்டு கிடைக்காது.

1862-ல் சொத்து ராணிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. உரிமையாக அல்ல, அரசின் தயவாக.

தீர்ப்பு அதோடு மறையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, சமஸ்தான இணைப்பு தொடர்பான வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றமே இதை மேற்கோள் காட்டியிருக்கிறது. பள்ளியில் 'அவகாசியிலிக் கொள்கை' என்றதும் ஜான்சி ராணியைச் சொல்லித்தருகிறோம். வாளெடுக்காமல் வக்கீல் வைத்துச் சண்டை போட்ட தஞ்சை ராணிக்கும் அதே பாடத்தில் ஒரு பத்தி தரலாமே.