சாகாதவனின் வலி எங்கே?

ஹிரோஆகி சமுரா 1993 முதல் 2012 வரை வரைந்த 'முகென் நோ ஜூனின்' மங்காவை 2017இல் டகாஷி மீகே படமாக்கினார். 30 தொகுதிகளை இரண்டரை மணித்தியாலத்துக்குள் வேறெப்படி அடக்குவது என்று அவருக்காக வாதாடுகிறார்கள். சுருக்கியது குற்றமில்லை ஐயா, எதை வெட்டி எதை வைத்தார் என்பதுதான் கேள்வி.

மன்ஜிக்குச் சாவில்லை, வலியுண்டு. உடம்புக்குள் ஊரும் புழுக்கள் வெட்டுண்ட கையையும் ஒட்டவைக்கும். சமுரா பென்சிலால் தீட்டிய சண்டைப் பக்கங்களைச் சட்டெனப் புரட்ட முடியாது. விழுபவன் யாரென்று நமக்குத் தெரிந்திருக்கும். படத்திலோ ஒருவன் வருகிறான், தன் சோகத்தை நாலு வரியில் ஒப்புவிக்கிறான், விழுகிறான். அடுத்தவன் வருகிறான். கூப்பன் கடை வரிசை தோற்றுவிடும்!

மகியேயைப் பாருங்கள். கொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை, கொல்லவோ அவளுக்கு மனமில்லை. தொகுதி தொகுதியாக வளரும் அந்தத் தவிப்புக்கு மீகே ஒதுக்கியது சில நிமிடங்கள். சாகாமையின் இரகசியத்தைப் பிடுங்குவதற்காக எடோ கோட்டையின் அடியில் கைதிகளை வெட்டிச் சோதிக்கும் நீண்ட பகுதி அடியோடு இல்லை. அதிகாரம் மனித உடம்பை என்ன செய்யும் என்று சமுரா ஈவிரக்கமின்றிக் காட்டிய பகுதி அது. நமக்குக் கிடைத்ததோ முந்நூறு பேரோடு ஒரு கடைசிச் சண்டை.

2010இல் '13 அசாசின்ஸ்' படத்தில் இதே மீகே, வாளை உருவுமுன் நம்மை எவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்க வைத்தார்! தெரியாதவர் செய்திருந்தால் விட்டுவிடலாம். டகுயா கிமுராவின் ஒற்றைக்கண் முகத்தில் மன்ஜியின் களைப்பு இருக்கிறது. அந்த முகத்தில் கொஞ்ச நேரம் நிற்கக்கூடக் கமெராவுக்கு அவகாசமில்லை.